எல்லா ஃபைலும் என் பேரில்

பெண் பார்க்கப் போகும் இடத்தில் மாப்பிள்ளைப் பையன் என்னென்ன செய்யக்கூடாது என்று என் அம்மா பஸ்ஸில் உட்கார்ந்தபடியே எனக்குப் பாடம் எடுத்தார். காலை ஆட்டக்கூடாது. இரண்டாவது தட்டு பஜ்ஜி கேட்கக்கூடாது. பெண்ணின் தங்கையைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. பெண் வீட்டு டெலிபோனில் சொந்த மேனேஜரைப் பூச்சாண்டி என்று கூப்பிடக்கூடாது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அப்படியும் ஒரு பிள்ளை செய்வான் என்று எந்தத் தாய்தான் எதிர்பார்ப்பாள்?

தொண்ணூறுகளின் கடைசி. மைசூரில் சரஸ்வதிபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி இருந்தது. (கம்பெனி என்று நான்தான் சொல்வேன். கீழ் வீட்டுக்காரர் "மாடில டைப்பிங் கிளாஸ் நடக்குது" என்றுதான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.) நான் அங்கே புதிதாகச் சேர்ந்த புரோகிராமர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரம் செய்து கையெழுத்துப் போட வேண்டியவர் மேனேஜர் நஞ்சுண்டய்யா.

நஞ்சுண்டய்யா நல்ல மனிதர். ஆனால் அவருக்கு ஒரு பழக்கம். ரப்பர் செருப்பில் சத்தமே இல்லாமல் வந்து, நம் நாற்காலிக்குப் பின்னால் நின்று, திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். நாம் திரும்பிப் பார்த்து உயிர் போய் உயிர் வந்த பிறகு "கண்டின்யூ, கண்டின்யூ" என்பார். ஆகவே அவர் வருவதை முதலில் பார்ப்பவன் மற்றவர்களுக்கு மெல்லச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. அதற்கான வார்த்தை "கும்ம பந்த." சாப்பிடாத குழந்தையிடம் கன்னடத்து அம்மாக்கள் சொல்வது. கும்மா என்றால் பூச்சாண்டி; நம் ஊரில் பூச்சாண்டி வந்துட்டான் என்போமே, அதேதான்.

நஞ்சன்கூட்டில் ஒரு ஊதுபத்தித் தொழிற்சாலைக்கு நாங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தோம். எல்லோரும் ஒரே ஃபைல்களில் கைவைத்ததால், காலையில் சதீஷ் எழுதியதை மத்தியானம் நான் அழிப்பதும், நான் எழுதியதைச் சாயங்காலம் அவன் அழிப்பதுமாக நாட்கள் இனிமையாகப் போயின. பொறுக்காமல் நஞ்சுண்டய்யா ஒரு சோர்ஸ் கன்ட்ரோல் சாஃப்ட்வேர் வாங்கிவந்தார். லைப்ரரி மாதிரிதான். ஒரு ஃபைலை ஒருவர் தன் பேரில் எடுத்தால், அவர் திருப்பித் தரும்வரை மற்றவர்கள் அதைப் படிக்கலாமே தவிர ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

அதை நாங்கள் புரோகிராம் எழுதும் சாஃப்ட்வேரோடு இணைக்க வேண்டும். இணைத்துவிட்டால் மெனுவிலேயே எடுக்கலாம், திருப்பலாம். ஆனால் அந்த மெனு வரிகள் எல்லோர் கம்ப்யூட்டரிலும் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தன. எத்தனை அழுத்தினாலும் அசைவில்லை. "நான் பாத்துக்கறேன் சார்" என்று கையைத் தூக்கியவன் அடியேன். நிரந்தர வேலைக்கு இதைவிடக் குறுக்கு வழி கிடைக்காது என்று கணக்குப் போட்டிருந்தேன்.

இன்ஸ்டால் செய்தேன், அழித்தேன், திரும்ப இன்ஸ்டால் செய்தேன். ஒரு கம்ப்யூட்டரில் விண்டோஸையே துடைத்துப் புதிதாகப் போட்டேன். (அது சதீஷின் கம்ப்யூட்டர். அதில் அவன் அக்கா கல்யாணத்துக்கு அடித்து வைத்திருந்த பத்திரிகை இருந்ததாம். முன்னாடியே சொல்லியிருக்கலாம்.) ஒரு வாரம் மல்லுக்கட்டியும் மெனு சாம்பலாகவே இருந்தது. கடைசியில் ஆடிக்கொண்டிருந்த ஒரு மானிட்டரைச் சரிசெய்யத் தூக்கியபோது, அதற்கு முட்டுக் கொடுத்திருந்த தடிமனான புத்தகம் கீழே விழுந்தது. அது அந்த சாஃப்ட்வேரின் கையேடு. சர்வரில் மட்டும் போட்டால் போதாது, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனியாக ஒரு சின்ன செட்அப்பை ஓட்டினால்தான் மெனு உயிர்பெறும் என்று முதல் அத்தியாயத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. புத்தகத்தைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, எல்லாம் என் மூளையில் உதித்தது போல வெளியே வந்தேன்.

மெனு கருப்பாக மாறிய அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் தரையில் நடக்கவில்லை. எனக்கு நானே அட்மினிஸ்ட்ரேட்டர் பதவி கொடுத்துக்கொண்டேன். ஃபைல்களை நகலெடுத்து வைத்துத் தனியாக வேலை செய்பவர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஒரு நோட்டீஸ் அடித்து, நஞ்சுண்டய்யாவிடம் கையெழுத்து வாங்கிச் சுவரில் ஒட்டினேன். பிறகு பழைய பாஸ்வேர்டை மாற்ற உட்கார்ந்தேன். என்ன வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்திலிருந்து சதீஷ் கிசுகிசுத்தான்.

"கும்ம பந்த!"

என் விரல்கள் அதையே அடித்துவிட்டன. திரையில் நட்சத்திரம் நட்சத்திரமாகத்தானே தெரியும்? பின்னால் நின்று அந்த நட்சத்திரங்களைப் பார்த்த நஞ்சுண்டய்யா என் தோளைத் தட்டி, "வெரி குட். பாஸ்வேர்ட் யாரும் யோசிக்க முடியாததா இருக்கணும்" என்றார்.

செட்டிங்கில் இருந்த கட்டங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் டிக் செய்தேன். அதில் ஒன்று, பிராஜெக்டைத் திறந்ததும் எல்லா ஃபைலையும் திறந்தவர் பேரிலேயே எடுத்துக்கொள் என்பது. எனக்கு அப்போது அது புரியவில்லை. வீட்டுக்குக் கிளம்பும்முன் ஆசை தீர ஒருமுறை பிராஜெக்டைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு ஃபைலின் பக்கத்திலும் அழகாக ஒரு சிவப்பு டிக் விழுந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் சிவப்பு டிக் என்றால் சரியான விடை. எல்லாமே சரியாக இருக்கிறது என்று மனம் குளிர்ந்து கம்ப்யூட்டரை அணைத்தேன். இந்த ஃபைல் ஒருவரிடம் மாட்டியிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது என்பது, கையேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் இருந்ததாம்.

திங்கட்கிழமை காலை ஊதுபத்திக்காரர் வந்து பார்ப்பதாக இருந்தார். பில்லின் கூட்டுத்தொகை அப்போதும் தப்பாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஆபீஸ் வர வேண்டும் என்று உத்தரவு. எனக்கு மட்டும் பெண் பார்க்கும் படலம் என்பதால் லீவு. லீவு கடிதத்தில் பெருமையாகப் பெண் வீட்டு டெலிபோன் நம்பரையும் எழுதிக் கொடுத்திருந்தேன்.

பெண் வீடு கொள்ளேகாலில். அப்பா குப்புசாமி, பட்டு நூல் வியாபாரி. பெண் சுமதி, பி.காம். முடித்துவிட்டு அப்பாவின் கடையில் உட்கார்ந்திருந்தாள். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்தே எனக்கு வேறு பெண் எதற்கு என்று ஆகிவிட்டது. இந்தச் சம்பந்தம் தட்டிப் போனால் பிழைக்க மாட்டேன் என்ற அளவுக்கு வந்திருந்தேன். ஆனால் குப்புசாமி முன்கூட்டியே ஒன்று சொல்லியனுப்பியிருந்தார்: பையன் வேலை நிரந்தரமாக இருக்க வேண்டும்.

சுமதி காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் காலை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தேன். குப்புசாமி தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்க தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. வேலை பர்மனன்ட் ஆயிருச்சுங்களா?"

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா முந்திக்கொண்டார். "ஆன மாதிரிதான் சார். சிக்னல் விழுந்தாச்சு, வண்டி எடுக்கறதுதான் பாக்கி."

குப்புசாமிக்கு அந்தப் பதில் போதவில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. அடுத்த கேள்விக்கு அவர் வாயெடுத்தபோது கூடத்து மூலையில் டெலிபோன் அடித்தது. எடுத்துக் கேட்டவர் என்னிடம் நீட்டினார். "உங்களுக்குத்தானுங்க. மைசூர்ல இருந்து உங்க மேனேஜருங்க. நீங்க இல்லாம அங்க ஒருத்தருக்கும் வேலை ஓடலீங்களாம்."

"முரளி!" நஞ்சுண்டய்யாவின் குரல். அவர் கன்னடத்தில் கத்தியதை இங்கே தமிழில் தருகிறேன். "எல்லா ஃபைலும் உன் பேர்ல இருக்குப்பா! காலையில இருந்து ஒருத்தராலயும் ஒரு எழுத்து மாத்த முடியல. பழைய பாஸ்வேர்ட் போட்டா உள்ளயும் விடல!"

அந்தச் சிவப்பு டிக்குகள் எல்லாம் அந்த நொடியில் என் கண்முன் வந்து நின்றன.

"சார், நகல் எடுத்து..."

"நகல் எடுத்தா கடும் நடவடிக்கைன்னு சுவத்துல நீதானே ஒட்டிருக்கே! பாஸ்வேர்ட சொல்லு. பேனா வெச்சிருக்கேன்."

"சார், சதீஷ்கிட்ட குடுங்களேன்."

"சதீஷ் தலையில கைவெச்சு உக்காந்திருக்கான். எங்கிட்ட சொல்லு."

"நான் அடுத்த பஸ் புடிச்சு வந்துடறேன் சார்."

"நீ வந்து, அப்புறம் இவங்க வேலைய ஆரம்பிச்சு, எப்ப முடிக்கறது? நாளைக்கு இந்த பில் தப்பா வந்தா உன் கன்ஃபர்மேஷன மறந்துடு."

ஒரு பக்கம் வேலை. வேலை போனால் பெண் இல்லை. பாஸ்வேர்டைச் சொன்னால் அதே வேலை வேறு விதத்தில் போகும். மெதுவாக, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னேன். "ஜி..."

"கேக்கல! சத்தமா!"

"ஜி சார், ஜி!"

"டி-யா?"

என் அப்பாவுக்குள் இருந்த கார்டு விழித்துக்கொண்டார். "ஊர் பேர் வெச்சு சொல்லுடா. நாங்க அப்படித்தான் சொல்வோம். குண்டக்கல்!"

"ஜி, குண்டக்கல் சார்!" என்று கத்தினேன்.

"அடுத்தது?"

"யூ."

"உடுப்பி!" என்றார் அப்பா.

"எம்... மைசூர். இன்னொரு எம்..."

"மண்டியா!"

"ஏ... அரசிகெரே. பி... பெங்களூர். மறுபடி ஏ, அரசிகெரே சார்..."

பெண் வீட்டார் மொத்தப் பேரும் பஜ்ஜியைக் கையில் பிடித்தபடி குண்டக்கல்லில் ஏறிக் கர்நாடகம் முழுக்க எங்களோடு பயணம் செய்தார்கள். நஞ்சன்கூடு வந்தது. தாவணகெரே வந்தது. மூன்றாவது முறையாக அரசிகெரே வந்தபோது அம்மாவால் தாங்க முடியவில்லை.

"ஏன்டா, சும்மா போன எடத்துக்கே போயிட்டிருக்கே? அரசிகெரேல அப்படி என்னடா வேலை உனக்கு?"

உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்கிப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. சுமதி எழுத்துக்களைக் கூட்டிப் பார்த்துவிட்டாள். கொள்ளேகால்காரிக்குக் கன்னடம் சொல்லித்தர வேண்டுமா என்ன? அவள் குரலை நான் முதன்முதலில் கேட்டது அப்படித்தான்.

டெலிபோனில் கீபோர்டு தட்டும் ஓசை மட்டும் வந்தது. பிறகு நஞ்சுண்டய்யா நிதானமாகப் பேசினார். "ஓப்பன் ஆயிடுச்சு."

"தேங்க்ஸ் சார்."

"முரளி, யாருப்பா இந்த கும்மா?"

"பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு... சும்மா விளையாட்டுக்கு..."

"சரி. நாளைக்கு வா. கும்மா இங்கதான் இருக்கும்."

எல்லாம் முடிந்தது என்று வந்து உட்கார்ந்தேன். வேலையும் இல்லை, பெண்ணும் இல்லை. எழுந்து போகலாம் என்று அம்மாவைப் பார்த்தேன். குப்புசாமியோ நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். அவர் முகமே மாறியிருந்தது.

"ஏனுங்க தம்பி, நீங்க ஒரு நாள் லீவு போட்டீங்கன்னா அத்தன பேரும் கையக் கட்டிட்டு உக்காந்திருக்கோணுமுங்களா?"

"ஆமாங்க" என்றேன். பொய் இல்லையே.

"மேனேஜரே கூப்ட்டுக் கெஞ்சறாரு!" மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "இவருகிட்டப் போயி பர்மனன்டான்னு கேட்டேன் பாரு!"

என் அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்குச் சுமதி வேண்டியிருந்தது.

பெண்ணும் பையனும் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று எங்களைப் பின்கட்டுக்கு அனுப்பினார்கள். சுமதி என்னை நேராகப் பார்த்தாள்.

"எங்கப்பா ஒருக்கா கடைச் சாவிய இடுப்புல சொருகிட்டே சேலத்துக்குப் போயிட்டாருங்க. வெளிய நின்னு நாங்க பட்ட பாடு! இதும் அதே கதைதானுங்களே?"

நான் தலையைக் குனிந்துகொண்டு "அதேதான்" என்றேன்.

"அந்த கும்மா உங்க மேனேஜருங்களா?"

"ஆமா."

அவள் மறுபடி சிரித்தாள். "நான் அப்பாகிட்டச் சொல்லலீங்க. அவரு இவ்வளவு சந்தோசமா இருந்து ரொம்ப நாளாச்சு."

திங்கட்கிழமை பில் சரியாக வந்தது. ஊதுபத்திக்காரர் திருப்தியாகப் போனார். நஞ்சுண்டய்யா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து வெகுநேரம் நின்றார். யாரும் எச்சரிக்கவில்லை. "பாஸ்வேர்ட மாத்திட்டேன்" என்றார் கடைசியில். அவ்வளவுதான். என் நிரந்தரம் மட்டும் ஆறு மாதம் தள்ளிப் போனது. அதற்குள் கல்யாணமே முடிந்துவிட்டது. குப்புசாமி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனால் கொள்ளேகால் பட்டுக்கடைத் தெருவில் இந்தக் கதையைக் கேட்காதவர்கள் கிடையாது. என் மருமகன் லீவு போட்டால் மைசூரே நிற்கும் என்று சொல்லிவைத்திருக்கிறார். நான் வேறு வேலைக்கு மாறி, அந்தக் கம்பெனி சில வருஷம் கழித்து மூடப்பட்டபோது, "அவரு இல்லாம அவங்க எப்படி நடத்துவாங்க?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். சுமதி எதையாவது எடுக்கிற மாதிரி எழுந்து உள்ளே போய்விடுவாள்.

போன வருஷம் எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் பெங்களூரில் சாஃப்ட்வேரில் நல்ல பொறுப்பில் இருக்கிறான். மகளுக்குப் பிடித்துவிட்டது, எங்களுக்கும் பிடித்துவிட்டது. எண்பதைத் தாண்டிய மாமனார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, நீங்க லீவு போட்டீங்கன்னா ஆபீஸ் நின்னு போகுமுங்களா?"

பையன் சிரித்தான். "அய்யோ, இல்ல தாத்தா. நான் ஒரு மாசம் இல்லாட்டியும் எல்லாம் அதுபாட்டுக்கு நடக்கும். அப்படித்தான் செட் பண்ணி வெச்சிருக்கேன்."

மாமனாரின் முகம் சுண்டிப்போனது. அவர்கள் கார் ஏறும்வரை பொறுத்திருந்தார். பிறகு என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாப்ள, பையன் தங்கமான பையன்தானுங்க. ஆனா ஆபீஸ்ல அவனுக்கு உங்களாட்ட மருவாதி இல்ல போலிருக்குதுங்க."