மாப்பிள்ளையின் காரும் மாமனாரின் கிரீஸும்

டனீடின், மே 19

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை கேலம் அவர்களுக்கு,

மாமனார் ஃபெர்கஸ் பணிவன்புடன் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் மாமியார் ஐலீனும் நலம். மோராக் நலம், அவள் வயிற்றில் இருப்பதும் நலம். காரும் நலம். கப்பல் கரை சேர்ந்ததும் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும். தயவுசெய்து எங்காவது உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

மீன்பிடிக்கப் புறப்பட்ட அன்று சாவியை என்னிடம் கொடுத்து, "வலி எடுத்தா உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க மாமா, அது போதும்" என்றீர்கள். நானும் மறுநாளிலிருந்தே காலையில் ஆஸ்பத்திரி வரை ஒத்திகை ஓட்ட ஆரம்பித்தேன். நம் தெருச் சரிவு உங்களுக்குத் தெரியாததல்ல. முப்பது வருஷம் தபால் பையோடு அதில் ஏறி இறங்கியவன் நான், நடந்தால் பயமில்லை, சக்கரத்தில் போனால்தான் பயம். மூன்றாம் நாள் கீழ்த் திருப்பத்தில் பிரேக்கை அழுத்தினேன், 'கீஈஈச்' என்று ஒரு சத்தம். எதிரே வந்த அம்மாள் நின்றார், அவர் நாய் நின்றது, நல்லவேளையாகக் காரும் நின்றது. ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. மோராக்கைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு இறங்கும்போது இந்த பிரேக் கைவிட்டுவிட்டால்?

பக்கத்து வீட்டு நெவிலைக் கேட்டேன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், கேட்காமலே சொல்லுவார், கேட்டால் விடுவாரா? "சக்கரத்தோட சுத்துற டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பேடு தேஞ்சிருக்கும்யா. தேஞ்சா அதுல இருக்கிற சின்னத் தகடு டிஸ்க்குல உரசிக் கத்தும். கழட்டிப் பாரு" என்றார். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் பேடு பாதிக்குமேல் அப்படியே இருக்கிறது. "அப்ப வறண்டு போயிருக்கும், கொஞ்சம் கிரீஸைத் தடவு" என்று சொல்லிவிட்டு, டீ ஆறுகிறதென்று உள்ளே போய்விட்டார். எங்கே தடவுவது என்று சொல்லவில்லை. உரசுகிற இடத்தில்தானே சத்தம் வருது, அங்கேதானே தடவணும்? நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள். இரண்டு முன்சக்கரத்திலும் தாராளமாகத் தடவினேன்.

சத்தம் சுத்தமாக நின்றது. கார்தான் நிற்கவில்லை. வாசலிலிருந்து இறங்கினேன், மிதித்தேன், வழுக்கிக்கொண்டே போகுது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து ஸ்டியரிங்கை ஒடித்தேன், நேரா நெவிலோட வேலிச் செடிக்குள்ளே போய்ச் சொருகி நின்றது. அவர் கோப்பையும் கையுமாக வெளியே வந்து, "ஏன் ஃபெர்கஸு, கேட்டு வழியா வரக் கூடாதா?" என்கிறார். எனக்குச் சிரிப்பு வரலை மாப்பிள்ளை. இலைகளுக்கு நடுவே உட்கார்ந்து பின்சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது. இருந்தும் அரைமணி கழித்துத்தான் இறங்கினேன். ஒரு பக்கக் கண்ணாடி உடைந்ததைத் தவிர வேறு சேதமில்லை. ஐலீன் என் சட்டையிலிருந்து இலையைப் பொறுக்கிக்கொண்டே, "ஓடுற வண்டியை ஏங்க நோண்டுறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

கீழே பட்டறை வைத்திருக்கும் மெரே வந்து காரைக் கட்டி இழுத்துப் போனாள். கழற்றிப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பெரியவரே, கிரீஸை பேடோட முதுகுல துளியூண்டு தடவணும். பிடிக்கிற பக்கத்துல அப்பினா அது பிரேக்கு இல்ல, ரொட்டிக்குத் தடவுற வெண்ணெய்!" பேடுகளை மாற்றி, டிஸ்க்கைத் துடைத்துக் கொடுத்தாள். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பதினாலு தடவை நிறுத்திப் பார்த்தேன். பதினைந்தாவதுக்கு அவள் இறங்கிக்கொண்டாள்.

இப்போது எந்தச் சத்தமும் இல்லை. பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அன்று நானே நிதானமாக, பதற்றமில்லாமல் மோராக்கை அழைத்துச் செல்வேன். நீங்கள் கவலையை விடுங்கள். உங்கள் வலை நிறையட்டும், காலுறை நனையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும் மாமனார்,
ஃபெர்கஸ்

பி.கு.: மறுநாள் எழுதுகிறேன். காலையில் பனி ஈரத்தோடு காரை எடுத்தேன், அதே 'கீஈஈச்'! காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து மெரேக்கு போன் பண்ணினால், "காலையில மட்டுமா கத்துது? அதை முதல்லயே சொல்லக் கூடாதா? ராத்திரி ஈரத்துல டிஸ்க் லேசாத் துருப்பிடிக்கும், நாலு தடவை அழுத்தினா போயிடும். உங்க பழைய பேடுல ஒரு குறையும் இருந்திருக்காது" என்கிறாள். போனை வைக்கவில்லை, மோராக் கதவைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, வலி எடுத்துருச்சு" என்றாள். சாவியை எடுத்தேன், ஓட்டைக்குள் போகவே மாட்டேங்குது. ஐலீன் பிடுங்கிக்கொண்டு, "பின்னாடி போய் உட்காருங்க" என்றாள். நான் மோராக்கின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டாள் என்கிறார்கள். பிரேக் இரண்டு திருப்பத்தோடு அடங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வரை விடாமல் கத்தியது நான்தானாம்.

பெண் குழந்தை, மூன்று கிலோ. இருவரும் சௌக்கியம். கடிதத்தைத் திருத்தி எழுத நேரமில்லை மாப்பிள்ளை, உங்கள் மகள் அழுகிறாள். தூக்க வேண்டும்.