பிக்அப் கதவுக்கு நான் பார்த்த வைத்தியம்

நான் பாம்புக்குப் பயந்தவன் இல்லை. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பாம்பும் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிதான். பேய்க்கும் பயந்ததில்லை. 'இதைச் செய்தது நான்தான்' என்று வாய் திறந்து சொல்வதற்கு மட்டும் பயம். அந்த மூன்று சொற்களை விழுங்கியதால் ஒரு தடவை என் கல்யாணமே நடுத்தெருவுக்கு வந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கோலா கெடாவில், மீன் சந்தைக்குப் போகும் தெருவில், பட்டப்பகலில், அக்கம்பக்கத்தார் எல்லோரும் பார்க்க.

எழுபதுகளின் கடைசி அது. சுங்கை லாலாங் பக்கம் ஒரு தோட்டத்து அலுவலகத்தில் நான் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. (பெரிய கிராணி ஒருவர் இருந்தார். அவர் திட்டுவதற்கு ஆள் வேண்டுமே என்று என்னை வைத்திருந்தார்கள்.) அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு என்னை வளர்த்தது ரெஜினா அக்காவும் அவள் கணவர் லூர்து அத்தானும்தான். அத்தானிடம் ஒரு பழைய பச்சைப் பிக்அப் இருந்தது. விடியற்காலையில் கோலா கெடா போய் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய் விற்பார். ஆறடி ஆள். பேசுவது குறைவு. கோபம் வந்தால் அதுவும் நின்றுவிடும். அந்த மௌனத்துக்குத்தான் நான் நடுங்குவேன்.

அவர் ஐஸ் வாங்கும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர் சூசை. அவருடைய மகள் பிலோமினா. ஒரு கோயில் திருநாளில் அவளைப் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அக்கா விஷயத்தைக் கறந்துவிட்டாள். அத்தான் ஐஸ் ஏற்றும்போதே சூசையிடம் பேச்சைப் போட்டு வைத்தார். வருகிற ஞாயிறு, பூசை முடிந்ததும் முறையாகப் பெண் கேட்டுப் போவது என்று முடிவாயிற்று.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை, தம்பி வீட்டு விசேஷத்துக்காக அத்தான் பஸ் ஏறி செர்டாங் போனார். வண்டிச் சாவியை மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, "காடிய யாரும் தொட வேணாம்" என்றார்.

மறுநாளே தொட்டேன்.

காரணம் புனிதமானது. தோட்டத்துச் சிற்றாலயத்துக்கு நாலு பெஞ்சு கொண்டுவர வேண்டியிருந்தது. என்னிடம் லைசென்ஸ் இருந்தது. (வயது மூன்று வாரம். எனக்கல்ல, லைசென்ஸுக்கு.) பெஞ்சுகளை இறக்கினேன். முன்சீட்டில் இருந்த பாட்டுப் புத்தகங்களையும் இறக்கினேன். பிறகு பெரிய லோரி டிரைவர்போல் ஒரு கையை ஜன்னலில் போட்டுக்கொண்டு கம்பீரமாகப் பின்னால் எடுத்தேன். இடது பக்கக் கதவு இன்னும் திறந்தே கிடந்தது. அது எனக்குத் தெரியாது. கோயில் கேட்டின் கல்தூணுக்குத் தெரிந்திருந்தது.

எருமை மாட்டை இரும்பில் செய்திருந்தால் எப்படிக் கத்துமோ அப்படி ஒரு சத்தம்.

இறங்கிப் பார்த்தேன். கதவு முன்பக்கமாக வளைந்து, கீல் பிடியை விட்டு, மூன்று விரல் கீழே தொங்கியது. நடுவில் சோற்றுப்பானை கவிழ்த்த அளவுக்கு ஒரு பள்ளம். தூக்கிப் பிடித்து, முழங்காலால் முட்டி, தோளால் இடித்தால் மட்டுமே மூடியது.

எங்கள் ஊரில் இருந்த ஒரே பட்டறைக்காரர் அத்தானின் சிநேகிதர். நான் வீடு வந்து சேருமுன் செய்தி செர்டாங்குக்குப் போய்விடும். சுங்கை பட்டாணிக்கு ஓட்டிப் போனேன். அங்கிருந்த சீனப் பட்டறைக்காரர் கதவை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, "தெருக் ரோசாக் லா, மோசமா ஒடஞ்சிருக்கு, ஒரு வாரம் விட்டுட்டுப் போ" என்றார். ஒரு வாரமா! அத்தான் மறுநாள் சாயங்காலம் வருகிறார். கோபித்துக்கொண்டு பெண் கேட்க வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால், எனக்காகப் பேச வேறு யார் இருக்கிறார்கள்?

ஆகவே நானே சரி செய்வது என்று முடிவெடுத்தேன்.

சனிக்கிழமை காலை அக்கா கோயில் சுத்தம் செய்யப் போன நேரம் பார்த்து வேலையைத் தொடங்கினேன். ஜாக்கியை வைத்து, அதன் மேல் பலகை வைத்து, கதவைத் தூக்கி நிறுத்தினேன். மேல் கீலில் கம்பி வளைந்திருந்தது. கீழ்க் கீலில் கம்பிக்குப் பதில் ஒரு பெரிய ஆணி இருந்தது. 'கம்பெனிக்காரன் என்ன நினைத்து வைத்தானோ' என்று அதை மரியாதையாகத் துடைத்து, மறுபடி அங்கேயே செருகினேன். ஓட்டைகள் தேய்ந்து அகலமாக இருந்ததால் பால் டின் ஒன்றை வெட்டித் தகடாக்கி உள்ளே திணித்தேன். அவசரத்தில் டின்னில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கூடக் கிழிக்கவில்லை. திருகாணிகள் பிடிக்காமல் வழுக்கின. வீட்டு அலமாரிக் கதவுக்கு அக்கா செய்கிற மாதிரி, அந்த ஓட்டைகளில் தீக்குச்சிகளை அடைத்துத் திருகினேன். (அலமாரி மரம், வண்டி இரும்பு என்கிற வித்தியாசம் அப்போது எனக்குப் படவில்லை.) பள்ளத்தை உள்பக்கமிருந்து அம்மிக்குழவியால் தள்ளினேன். தொழிலாளர் லயத்து வீடுகளுக்கு அடித்து மிச்சமான பச்சைப் பெயிண்ட் அலுவலகத்தில் இருந்தது. அதைப் பூசினேன். அது வேறு பச்சை. அதை மறைக்க வண்டி முழுக்கச் சேற்றைப் பூசினேன்.

பிறகு ஒரு செபம் சொல்லிக் கதவை மூடினேன். 'டிக்' என்று மூடிக்கொண்டது. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

சாயங்காலம் அத்தான் வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். சேற்றைப் பார்த்தார். இடது கதவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்து மூடினார். அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"மழையா இங்க?"

"பயங்கர மழை அத்தான்."

ஒரு சொட்டுக்கூடப் பெய்யவில்லை. அவர் "ம்" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார். அந்த 'ம்' கோபத்தின் 'ம்'மா, வேறு ஏதாவதா என்று யோசித்து யோசித்தே எனக்குக் காய்ச்சல் வந்துவிடும்போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். அத்தான் வெள்ளைச் சட்டை, அக்கா பட்டுப்புடவை. மாப்பிள்ளை நான் பின்னால், ஐஸ் பெட்டியின் மேல் பழைய போர்வை விரித்து, பழத்தட்டோடு உட்கார்ந்திருந்தேன். என் கவலையெல்லாம் அக்கா மேல்தான். அவள் உட்கார்ந்திருந்தது அந்தக் கதவுப் பக்கம். சாய்ந்தால்? தூங்கினால்? புறப்படுமுன்பே, "அக்கா, கொஞ்சம் அத்தான் பக்கமா ஒட்டி ஒக்காரு" என்றேன்.

"வெக்கங்கெட்டவனே, கல்யாணம் ஒனக்கா எனக்கா?" என்று திட்டினாள்.

அப்போது அத்தானே, "அவன் சொல்றது சரிதான். இங்கிட்டு நகந்து ஒக்காரு" என்றார். பதினாலு வருடத்தில் அப்படி ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை. அக்கா சிவந்துபோய் நகர்ந்து உட்கார்ந்தாள். இது மாதாவின் கருணை என்று நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

சாலையில் வண்டி குலுங்கும்போதெல்லாம் கதவு 'டக்... டக்...' என்றது. குரூன் தாண்டியதும் அந்தச் சத்தம் 'டொக்' என்று மாறியது. நான் பழத்தட்டை மடியில் இடுக்கிக்கொண்டு, பின்னாலிருந்து எட்டி, கதவின் ஜன்னல் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். அலோர் ஸ்டார் வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை. "என்னாடா செய்ற?" என்று அக்கா கத்தினாள். "காத்து வாங்குறேன்" என்றேன். அத்தான் மாட்டு வண்டியைவிட மெதுவாக ஓட்டினார். குழியைக் கண்டால் நின்று, யோசித்து, ஒதுங்கிப் போனார். பூசை உடுப்பு கெட்டுவிடக் கூடாது என்று பார்க்கிறார்போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

கோலா கெடாவில் சூசை வீட்டு வாசலில் நின்றோம். அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் மாப்பிள்ளை பார்க்கக் கூடிவிட்டது. நான் தட்டை வைத்துவிட்டுக் குதித்து ஓடி, நானே கதவைத் திறந்துவிடலாம் என்று பார்த்தேன். கால் மரத்துப் போயிருந்தது. அதற்குள் சூசை ஓடி வந்துவிட்டார்.

"வாங்க, வாங்க! பாத்து எறங்கும்மா" என்று மரியாதையாகக் கைப்பிடியைத் திருகி இழுத்தார்.

கதவு திறக்கவில்லை. வந்தது. கண்ணாடியோடு, கைப்பிடியோடு, முழுக் கதவும் அவர் கைக்கு வந்துவிட்டது. அவர் அதை இரண்டு கைகளாலும் குழந்தையைப்போல் ஏந்திக்கொண்டு நின்றார். வாய் மட்டும் பழக்கத்தில் இன்னொரு தடவை "வாங்க" என்றது.

கூடியிருந்த சனம் கதவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"ஐயோ, மன்னிச்சிருங்க" என்றார் அவர். முகம் வெளுத்துவிட்டது. "என் கை மொரட்டுக் கை. ஐஸ் கட்டி தூக்கித் தூக்கி... பலம் தெரியாம இழுத்துட்டேன். நல்ல காரியம் பேச வந்த எடத்துல இப்பிடி ஆயிருச்சே. மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க. எங்களுக்கு முழுச் சம்மதம்!"

கதவைப் பிடித்துக்கொண்டே பெண்ணைக் கொடுத்துவிட்டார்! நான் எதிர்பார்த்து வந்த வார்த்தை அதுதான். சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் அவர் கைகள் நடுங்கியதைப் பார்த்தேன். நானோ பழத்தட்டை அடுக்கிச் சரிசெய்யத் தொடங்கினேன். அத்தான் வேர்த்துக் கொட்ட, "பரவால்லிங்க, பரவால்லிங்க" என்று தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு பிலோமினா வெளியே வந்தாள். மணப்பெண்போல் தலை குனியாமல், நேராகக் கதவருகே போய்க் குனிந்து கீலைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க ஒடைக்கல. கீலுக்குள்ள மாடு இருக்கு."

அவள் உருவி எடுத்ததில் பால் டின் காகிதத்தின் பாதி மாடு சிரித்துக்கொண்டிருந்தது. அடுத்து ஒரு கொத்துத் தீக்குச்சிகள் விழுந்தன. கடைசியாக, வளைந்த ஆணி.

"இந்த ஆணி யாரு வச்சது?"

அத்தான் தொண்டையைச் செருமினார்.

"ஆணி என்னுது" என்றார். "மாடு யாருதுன்னு தெரியல."

அக்கா வண்டிக்குள்ளிருந்தே ஆரம்பித்தாள். "கதவுல மீன் தராசு மாட்டாதீங்க, மாட்டாதீங்கன்னு எத்தன வாட்டி சொன்னேன்! கீலு ஒடஞ்சி போச்சா? ஒரு வார்த்த சொன்னீங்களா?" ஆறடி அத்தான் நாலடியாகிவிட்டார். அவர் ஏன் என்னைத் திட்டவில்லை, ஏன் அக்காவை நகரச் சொன்னார், ஏன் ஊர்ந்து ஓட்டினார் என்பதெல்லாம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கதவை நினைத்து வழியெல்லாம் இரண்டு பேர் செத்துப் பிழைத்திருக்கிறோம்!

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மாடு... என்னுது" என்றேன்.

பிலோமினா என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்: "தீக்குச்சி?"

"அதுவும்."

சூசை கதவை மெல்லச் சுவரில் சாய்த்து வைத்தார். என்னிடம் வந்து நின்றார். அவர் சிரிக்கவில்லை.

"நான் பழிய ஏத்துக்கிட்டு நின்னேனே தம்பி. பாத்துக்கிட்டுத்தான இருந்த? ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சிங்க."

"இப்ப எப்பிடிச் சொன்ன?"

"ஒங்க கை நடுங்கிச்சி. அதப் பாத்ததுலேருந்து என்னால நிக்க முடியல." இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் வேறு பொய் ஏதாவது வந்திருக்கும்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கொடுத்த சம்மதத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க உள்ளே ஓடினாள்.

"சரி, உள்ள வாங்க. தேத்தண்ணி ஆறிடும்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பும்போது கதவு பின்னால் என்னோடு படுத்து வந்தது. எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் முறையாகக் கீலை ஒட்டிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் கல்யாணம் நடந்தது.

சூசை மாமா அதற்குப் பிறகு உயிரோடு இருந்தவரை யாருடைய வண்டிக் கதவையும் தொட்டதில்லை. விருந்தாளி வந்தால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பத்தடி தள்ளி நிற்பார். எங்கள் மகளைப் பெண் பார்க்க ஈப்போவிலிருந்து வந்தபோது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. கார் வாசலில் நின்றதும் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்: "யாரும் கதவத் தொடாதீங்க! அப்பிடியே இருக்கட்டும்!"

காரில் வந்தவர்கள் இது எங்கள் குடும்ப வழக்கம்போலும் என்று நினைத்து, பயபக்தியோடு காருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். கால் மணி நேரம் கழித்துத்தான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. விளக்கிச் சொல்லலாம் என்று நான் வாய் திறந்தேன். பிலோமினா என் கையைக் கிள்ளினாள். ஆகவே கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ் கோயில் வாசலில் நின்றபோது, நாற்பது பேர் பட்டும் சரிகையுமாய், ஒருவர்கூட இறங்காமல், யாராவது வந்து கூப்பிடட்டும் என்று வேர்க்க வேர்க்கக் காத்திருந்தார்கள்.