மாடியில் இருப்பவரைக் காலி செய்யச் சொன்னது பற்றி

திருவண்ணாமலை,
வியாழக்கிழமை.

சௌபாக்கியவதி தர்மாம்பாள் அக்காவுக்குத் தம்பி உமாமகேஸ்வரன் நமஸ்காரம் செய்து எழுதுவது. இங்கே நானும் காமேஸ்வரியும் அண்ணாமலையார் கிருபையால் க்ஷேமம். மாடியில் குடியிருக்கும் மணிவேல் யாருடைய கிருபையும் இல்லாமல் க்ஷேமம். போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்த ஆரம்பித்துவிடுவாய் என்பதால் இந்தக் கடிதம்.

நாத்திகனைக் காலி செய்யச் சொல், இல்லாவிட்டால் அப்பா கட்டிய வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாய். வீட்டில் பாதி உன்னுடையது, கோபமும் நியாயம்தான். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், வேங்கிக்காலில் ஆபீஸ் வேலை என்று விசாரித்துத்தான் வைத்தேன். பால் காய்ச்சிய அன்று விபூதியை நீட்டினால், "எனக்கு நம்பிக்கை இல்லீங்க சாமி. வாங்கிட்டு மறைவா கொட்டறது தப்பு, உங்ககிட்டயே இருக்கட்டும்" என்கிறான். காமேஸ்வரிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. நாத்திகம் கீழே இறங்கி வராமலிருக்க மாடிப்படியில் மூன்று நாள் எலுமிச்சம்பழம் வைத்தாள். மூன்று நாளும் அவன் அதைக் கழுவிக்கொண்டு வந்து, மாமி, உங்கள் பழம் விழுந்து கிடந்தது என்று கொடுத்துவிட்டுப் போனான்.

ஆடிப் பௌர்ணமி அன்று விடியற்காலையில், கிரிவலக் கூட்டம் சேருவதற்கு முன்னால், அவன் செருப்பில்லாமல், தலையைக் குனிந்தபடி, தோளில் ஒரு பையோடு மலைப்பக்கம் போனதைப் பார்த்தேன். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. நம் ஊரில் வெறுங்காலோடு தலை குனிந்து மலையைச் சுற்றுகிறவனுக்கு வேறு என்ன அர்த்தம்? ஈசன் இழுத்துவிட்டான் என்று கோயிலில் அத்தனை பேரிடமும் சொன்னேன், காமேஸ்வரி சர்க்கரைப் பொங்கலே வைத்துவிட்டாள். அடுத்த பௌர்ணமிக்கு நானும் பின்னாலேயே போனேன். அக்னி லிங்கத்திலிருந்து எம லிங்கம் வருவதற்குள் அவன் பதினேழு இடத்தில் குனிந்தான். என்ன பக்தி, என்ன பக்தி என்று நானும் பதினேழு இடத்திலும் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இடுப்பு விட்டுப் போயிற்று. அப்போதுதான் திரும்பிப் பார்த்தான்.

"என்ன சாமி, நீங்களும் கண்ணாடி பொறுக்க வந்தீங்களா?"

பை நிறைய உடைந்த பாட்டில், ஆணி, கருவேல முள். சாயங்காலம் லட்சம் பேர் வெறுங்காலோடு நடக்கப்போகிறார்களே, அதற்கு முன்னால் பொறுக்கிவிடுகிறாராம். நாலு வருஷமாக, ஒரு பௌர்ணமி விடாமல். (இனி அவர் என்றே எழுதுகிறேன்.) நீங்கள் செருப்புப் போட்டுக்கொண்டு வரலாமே என்றேன். கண்ணுக்குத் தப்பினது காலுக்குத் தப்பாது என்று பாதத்தைத் திருப்பிக் காட்டினார். பழைய தழும்பும் புதுக் காயமுமாக, அக்கா, என்னால் பார்க்க முடியவில்லை. சாமி இல்லை, புண்ணியம் இல்லை, அடுத்த ஜன்மமும் இல்லை என்கிறீர்கள், பிறகு எதற்காக இதெல்லாம் என்று கேட்டேன்.

"குத்துனா வலிக்குமே சாமி. அதுக்கு மேல ஒரு காரணம் வேணுங்களா?"

முப்பத்தெட்டு வருஷமாகக் கோயிலில் தீபாராதனை காட்டுகிறேன். புண்ணியம் வரும் என்று நினைக்காமல் யாருக்காவது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மலையைப் பார்த்தேன், அவர் காலைப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே பிரமிப்புதான் வந்தது. ஆகவே அவரைக் காலி செய்யச் சொல்ல மாட்டேன். மாடி உன் பங்கு என்றால் கீழே என் பங்கில் வைத்துக்கொள்கிறேன்.

அத்திம்பேருக்கு நமஸ்காரம், குழந்தை ஷிவானிக்கு ஆசீர்வாதம். உங்கள் எல்லோருக்கும் அண்ணாமலையார் துணை, கிரிவலம் வந்தால் காலுக்கு மணிவேல் துணை.

இப்படிக்கு,
உமாமகேஸ்வரன்

பி.கு.: கடிதம் ஒட்டாமலே மூன்று வாரம் கிடந்துவிட்டது. அதற்குள் நீ கேட்டபடியே ஆகிவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் நான் இதைக் கோயிலில் சொன்னேன், நம் ஊருக்கு அது போதும். செங்கம் ரோட்டிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்து நம் மாடிப்படியில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டாள். யாரோ கதவுக்கு மாலை போட்டார்கள். உன்னிடம் மறைப்பானேன், நானும் ஒரு நாள் அவர் காலில் விழுந்தேன். மறுநாளே காலி செய்துவிட்டார். இனிமேல் மலைப்பக்கம் போனால் பின்னால் ஐம்பது பேர் கூடிவிடுவார்கள், அத்தனை பேரும் கண்ணாடியை மிதிப்பார்கள் என்று வருத்தப்பட்டார். போகும்போது அந்தப் பையை என் கையில் கொடுத்தார். "நீங்க போங்க சாமி. நீங்க குனிஞ்சா கும்பிடறீங்கன்னு நெனச்சுக்குவாங்க, யாரும் பின்னால வர மாட்டாங்க."

நாளைக்குப் பௌர்ணமி. பையைத் துவைத்து வைத்திருக்கிறேன். மந்திரம் சொல்லிக்கொண்டு நடந்தால் கவனம் தப்பிவிடுமாம், அதனால் நாளை ஒரு நாள் சொல்லப்போவதில்லை. அண்ணாமலையாரிடம் லீவு சொல்லிவிட்டேன்.