பற்றறிக் காக்காவும் என் பூச்சியமும்

தன் தொடைக்குச் சார்ஜ் ஏறும்வரை பயணியை வெயிலில் காக்க வைத்த ஓட்டோக்காரர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்கிறார். அவர் எங்கள் கடற்கரை வீதியில் இருக்கிறார். அவரை அப்படி ஆக்கியவன் நான்.

எங்கள் பக்கத்தில் அண்ணன் முறையானவரைக் காக்கா என்போம். அவர் பற்றறிக் காக்காவாக மாறிய கணத்தில், நான் அவருடைய ஓட்டோவுக்குப் பின்னால் கணுக்கால்வரை மணலில் நின்றுகொண்டிருந்தேன். சில்லு புதைந்துவிட்டது. காக்கா ஒரே பாய்ச்சலில் தள்ளினார். வண்டி ஒரு முழம் நகர்ந்தது. அவர் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

“சரக்கு முடிஞ்சிட்டு மனே.”

உயர்தரப் பரீட்சையில் உயிரியல் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். யாராவது இருமினால்கூட நுரையீரல் படம் கீறிக் காட்டத் துடித்த காலம் அது. மணலில் விரலால் மூன்று பெட்டி கீறினேன்.

“காக்கா, தசைக்குள்ள மூணு பற்றறி இரிக்கி. முதலாவது பாஞ்சு இழுக்கிறதுக்கு. பத்துச் செக்கன்ல இறங்கிடும், கொஞ்சம் சும்மா இருந்தாத் திரும்ப ஏறும். ரெண்டாவது சீனியில ஓடும். ஒட்சிசன் தேவல்ல, ஆனா சுறுக்கா எரிச்சல் எடுக்கும். மூணாவது ஆறுதலா ஓடுறது. மூச்சுக் காத்துக் கிடைச்சா நாள் முழுக்க ஓடும்.”

“இத இவ்வளவு நாளும் ஒருத்தனும் எனக்குச் சொல்லல்லயே!” என்றார் கண் கலங்காத குறையாக.

அன்றிலிருந்து அவருடைய வாழ்க்கை பற்றறிக் கணக்கில் ஓடியது. வரிப்பத்தான்சேனையிலிருந்து வந்த நெல் மூட்டையைத் தூக்கினால், நாலு எட்டு வைத்து நடு வீதியில் இறக்கி அதன் மேலேயே உட்கார்ந்துவிடுவார். பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடிப்பான். “பொறு தம்பி, முதலாவது ஏறுது!” தேநீர்க் கடையில் சீனி கேட்கும்போது, “ரெண்டாவதுக்கும் சேத்துப் போடுங்க” என்பார். ஒருநாள் அவருடைய மனைவி சுலைஹா ராத்தா என்னை வழியில் மறித்துவிட்டார்.

“ஏன்டா, நல்லாத் திரிஞ்ச மனிசன என்னடா செஞ்சாய்? பிள்ளையத் தூக்கினாலும் பத்துச் செக்கன்ல என்ட கையில தாறாரு!”

இதற்கிடையில் ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வீடு மட்டுமா மாறும்? பெருநாளுக்கு மறுநாள் கடற்கரையில் நடக்கும் கயிறிழுப்பில் கட்சியும் மாறும். காக்கா பிறந்தது சந்தை வீதியில். அங்கே அவருடைய சொந்தத் தம்பிமார் இழுக்கிறார்கள். இங்கே, கயிற்று நுனியை உடம்பில் சுற்றிக்கொண்டு நிற்கும் எங்கள் கடைசி ஆள் அவர். கல்யாணம் முடித்த நாளிலிருந்து ஒரு முறையும் வென்றதில்லை. இந்த முறையும் தோற்றால் கடைசிக்கு வேறு ஆள் என்று எங்கள் அணித் தலைவர் றிஸ்வான் சொல்லிவிட்டார்.

காக்கா என்னைத் தேடி வந்தார். “கயித்தையும் பறிச்சிட்டாங்க எண்டா, நான் இந்த வீதியில வாடகைக்கு இரிக்கிற ஆள் மாதிரித்தான் மனே.”

எனக்கு அந்த இடத்திலேயே திட்டம் உதித்தது. பௌதிகவியலும் படித்தவன் அல்லவா? வேலை என்பது விசையை இடப்பெயர்ச்சியால் பெருக்கினால் வருவது. அசையாமல் நின்றால் இடப்பெயர்ச்சி பூச்சியம். வேலையும் பூச்சியம். ஆகவே சக்திச் செலவும் பூச்சியம்! எதிரி இழுத்து இழுத்துத் தன் பற்றறிகளைக் காலி செய்யட்டும். நாம் சிலையாக நிற்போம், பிறகு புத்தம் புதிதாக இழுப்போம். பள்ளிக்கூட மதிலில் சுண்ணக்கட்டியால் கீறி அணி முழுவதற்கும் வகுப்பெடுத்தேன். றிஸ்வான்கூடத் தலையாட்டினார். என் வாழ்வில் நான் அவ்வளவு உயரமாக இருந்ததில்லை.

பெருநாளுக்கு மறுநாள் கடற்கரையில் விசில் ஒலித்தது. எங்கள் ஆட்கள் குதிக்காலை மணலில் புதைத்து, முழங்காலை மடித்துச் சிலையானார்கள். சந்தை வீதி இழுத்தது. கயிறு அசையவில்லை. சனம் வாய் பிளந்தது.

“என்ன காக்கா, பொண்டாட்டி ஊட்டுச் சோத்துல சீமெந்தும் போடுறாங்களா?” என்று எதிரிலிருந்து ஒரு தம்பி கத்தினார்.

காக்கா பல்லைக் கடித்துக்கொண்டார். வாயைத் திறந்தால் அதுவும் இடப்பெயர்ச்சி. கொஞ்ச நேரத்தில் அவருடைய தொடை நடுங்கத் தொடங்கியது.

“மனே, பூச்சியம் எரியிது!”

“எரியாது காக்கா! கணக்குச் சரி!” என்று கோட்டோரம் நின்று கத்தினேன்.

“கணக்குச் சரிதான்டா, தொடைதான் எரியிது!”

அடுத்த கணம் எங்கள் அணி முழுவதும் கரைவலையில் அகப்பட்ட மீன்களைப்போல் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

தசை தூண் அல்ல என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் பிடிப்பதும் விடுவதும் திரும்பப் பிடிப்பதுமாகத்தான் பாரத்தை நிறுத்தி வைத்திருக்கின்றன. ஒவ்வொரு முறை விட்டுப் பிடிக்கவும் ஏ.ரீ.பி. என்ற எரிபொருள் செலவாகிறது. வெளியே அசைவில்லாவிட்டாலும் உள்ளே செலவு நிற்பதில்லை. போதாததற்கு, இறுகிய தசை தன் இரத்தக் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்ளும். ஒட்சிசன் வராமல் மூன்றாவது பற்றறி மயங்கிக் கிடக்க, சீனிப் பற்றறி தனியாக நின்று எரியும். இவ்வளவும் என் உயிரியல் புத்தகத்தில் இருந்தது. நான்தான் பக்கத்துப் புத்தகத்தைத் திறந்திருந்தேன்.

றிஸ்வான் மணலை உதறிக்கொண்டு வந்தார். “யார்ர மூளை இது?”

“என்ட,” என்றார் காக்கா, வாயிலிருந்த மணலைத் துப்பியபடி. “இந்தத் தம்பி வேணாமெண்டுதான் சொல்லிச்சி.”

என் வகுப்பில் தலையாட்டியவரே றிஸ்வான்தான்; மதிலில் என் கையெழுத்தும் இன்னும் அழியவில்லை. எதிரணித் தம்பிமாரே சிரித்துவிட்டார்கள். றிஸ்வான் காக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒரு சாணும் அசையாம இவ்வளவு நேரம் நாம முந்தி எப்ப நிண்ட? கயிறு காக்காட்டயே இரிக்கட்டும். இவன் மட்டும் இனிக் கயித்துக்குக் கிட்ட வரப்படாது.”

ஆகவே இப்போது தூரத்தில் இருந்தபடியே புதிய திட்டம் தீட்டியிருக்கிறேன். காலை நேராக்கி எலும்பில் பாரத்தைப் போட்டு மூச்சு வாங்குவது. எதிரி தளரும் கணம் பார்த்து, எல்லோரும் சேர்ந்து முதலாவது பற்றறியால் பாய்வது. வரும் வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, தென்னை மரமொன்றில் கயிறு கட்டிப் பார்க்கப் போகிறோம்.

“இதுவும் பிழையாப் போனா காக்கா?” என்று கேட்டேன்.

“பிழைச்சா மறுகா வேற ஒண்டு செய்வம்,” என்றார். “அதுக்கு நீ இரிக்காய்தானே.”