மாப்பிள்ளைப் பரிசோதனை

தலைப்பாகையைக் கழற்றச் சொன்னாலே மானநஷ்ட வழக்குப் போடக்கூடியவர் செங்கோடன். அவரைப் போய் சேலம் அஸ்தம்பட்டி டாக்டர் வேட்டியை அவிழ்க்கச் சொல்லிவிட்டார்.

செங்கோடன் அசையவில்லை. வெண்ணந்தூர் பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்ட். முப்பது தறிகளுக்கும் ஒரு நூல் கடைக்கும் முதலாளி. ஊரில் அவர் தெருவில் நடந்தால் எதிரே வருகிறவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வான்.

"நான் யாருன்னு தெரியுமுங்களா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"பார்த்தாத்தானே தெரியும்" என்றார் டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே.

இந்தக் கதிக்கு அவர் வந்ததற்குக் காரணம் பள்ளிபாளையம் குமாரசாமி.

செங்கோடனுக்குப் பிள்ளை இல்லை. முதல் மனைவி மாரக்காளைச் சில வருஷம் வைத்துப் பார்த்துவிட்டு, சாயம் போன சேலையைக் கடைக்குத் திருப்பி அனுப்புவது போலத் தாய்வீட்டுக்குத் திருப்பிவிட்டார். இரண்டாவது மனைவி அத்தாயி, பிள்ளையில்லாத பெண்கள் சுற்றும் திருச்செங்கோட்டு மலையுச்சி வறடிக்கல்லைச் சுற்றிச் சுற்றிக் கால் தேய்ந்திருந்தாள். கால் வழுக்கினால் எலும்பு கூட மிஞ்சாத இடம் அது. அவள் சுற்றுகையில் செங்கோடன் அடிவாரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். கோளாறு தம் பக்கம் இருக்கலாம் என்ற எண்ணம் அவர் தலைப்பாகைக்குள் ஒருநாளும் நுழைந்ததில்லை. நுழைய இடமும் இல்லை.

தை பிறந்ததும் அத்தாயியும் தாய்வீட்டுக்குப் போக வேண்டியது, தாம் மூன்றாவதாகக் கட்டிக்கொள்ள வேண்டியது என்று தீர்மானம் செய்து, அவளைத் தகரப் பெட்டியை அடுக்கி வைக்கச் சொல்லிவிட்டார். "சரிங்க" என்று அவளும் அடுக்கினாள்.

அந்தச் சமயத்தில்தான் குமாரசாமி நூல் கடைக்கு வந்து உட்கார்ந்தார். காவிரிக்கரையில் சாயப்பட்டறை, பக்கத்திலேயே ஆற்றுப் பாய்ச்சலில் பத்து ஏக்கர், கல்யாணத்துக்கு ஒரு பெண். நிலம் பெண்ணோடு வரும் என்றார். செங்கோடன் தாமே எழுந்து போய் அவருக்குக் காப்பி வாங்கி வந்தார்.

"ஒண்ணே ஒண்ணுங்க" என்றார் குமாரசாமி, காப்பியைக் குடித்துவிட்டு. "ரெண்டு ஊட்டுப் பொண்ணுக ஒண்ணுபோல மலடாப் போறதுக்கு நாயமில்லீங்க. சந்தையில காளை புடிச்சாக்கூட நாலடி நடக்க உட்டுத்தானுங்க பாக்கறோம். நீங்க ஒரு டாக்டர்கிட்டக் காட்டிப்போட்டு வாங்க. பொண்ணு பாக்கறதெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாமுங்க."

வேறு எவனாவது இதைச் சொல்லியிருந்தால் பல்லைப் பொறுக்கிக்கொண்டு போயிருப்பான். ஆனால் பேசியது பத்து ஏக்கர். நிலம் பேசும்போது செங்கோடன் குறுக்கே பேசுவதில்லை. பள்ளிபாளையத்துக்கு ஆள் விட்டு விசாரிக்கவும் வழியில்லை. போகிற ஆள் நிபந்தனையையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு வந்துவிடுவான். வாயை மூடிக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறினார்.

டாக்டர் பார்த்தார். பிறகு ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொடுத்து மறைப்புக்குப் பின்னால் அனுப்பினார். குப்பி திரும்பி வந்ததும் அதில் ஒரு துளியை எடுத்து வெகுநேரம் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். செங்கோடன் கொடுத்த ஒன்றைப் பார்த்துப் போதாது என்று ஒரு மனிதன் சொன்னது அதுவே முதல் தடவை.

"கோளாறு என்கிட்டவா?"

"இந்த அறையில வேட்டி இல்லாம நிக்கிறது நீங்க ஒருத்தர்தானே" என்றார் டாக்டர். விதைப்பையில் ரத்தக் குழாய்கள் புடைத்து, சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி முறுக்கிக் கிடக்கின்றனவாம். கீறித் திறந்து கட்டிவிட்டால் குணம் தெரியலாம், தெரியாமலும் போகலாம். நூல் வியாபாரிக்குச் சிக்கு புரிந்தது. கீறுவதுதான் புரியவில்லை. ஆனால் பத்து ஏக்கர் கண்ணுக்குள்ளேயே நின்றது.

ஊருக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டுமே. நூல் விலை ஏறிப் போனதைப் பற்றிக் கலெக்டரிடம் நேரில் பேசப் போவதாகவும், திரும்ப நாளாகும் என்றும் சொல்லிவைத்தார்.

பொய்யைக் கொஞ்சம் சின்னதாகச் சொல்லியிருக்கலாம். பிரசிடெண்ட் முதன்முதலாகத் தங்களுக்காக ஒரு காரியம் செய்யப் போகிறார் என்று நெசவாளர்களுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. பத்துப் பதினைந்து பேர் மாலையோடு கலெக்டர் கச்சேரி வாசலில் போய் நின்றார்கள். பிரசிடெண்டைக் காணோம். அஸ்தம்பட்டியில் இறங்கியதைப் பார்த்ததாக பஸ் கண்டக்டர் சொல்லி, தேடித் தேடி ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்தபோது ஆபரேசன் முடிந்து செங்கோடன் மல்லாந்து கிடந்தார். அத்தாயி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சுங்க?" என்று கூட்டம் பதறியது.

"கொடலெறக்கம்" என்றார் செங்கோடன்.

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாரம் தூக்குகிறவனுக்கு வருகிற சீக்கு அது. செங்கோடன் பிறந்ததிலிருந்து எதையும் தூக்கி எவரும் பார்த்ததில்லை. ஆனாலும் பெரிய மனிதர் சொல்கிறார் என்று மாலையைப் போட்டார்கள். அதோடு போயிருந்தால் பிழைத்திருப்பார். கூட்டத்தில் இருந்த பச்சமுத்துவுக்கு நிஜமாகவே குடலிறக்கம். தறிக்குப் பாவு நூல் சுமந்து சுமந்து வந்தது. நல்ல வாய்ப்பென்று அவன் டாக்டர் முன்னால் போய்க் கும்பிட்டான்.

"சாமி, பிரசிடெண்டுக்குப் பண்ணுன அதே ஆபரேசனை எனக்கும் பண்ணி உடோணுமுங்க."

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு எத்தனை குழந்தைங்க?"

"ஒம்போதுங்க சாமி."

"அப்புறம் இது எதுக்கய்யா உனக்கு? இது பிள்ளையில்லாதவங்களுக்குப் பண்றது."

கூட்டம் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு எல்லாருடைய கண்ணும் ஒரே சமயத்தில் செங்கோடனின் போர்வைமேல் வந்து நின்றது.

சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடியிருந்த காலம். சாயங்காலமானால் வெண்ணந்தூருக்கு வேறு போதையில்லை. செங்கோடன் ஊர் திரும்புவதற்குள் அந்த ஆபரேசன் தறிக்குத் தறி பேசி முடிக்கப்பட்டிருந்தது. மறைத்துப் பயனில்லை என்று கண்ட செங்கோடன் பேச்சை மாற்றினார். இது சீக்குக்குச் செய்துகொண்டதே அல்ல, சீமையில் பிரபுக்கள் வீரியத்துக்காகச் செய்துகொள்வது, நம் பக்கத்தில் தாம்தான் முதல் என்றார்.

அதற்குப் பலன் உடனே தெரிந்தது. பேரன் பேத்தி எடுத்த கிழவர்கள் எல்லாம் வாசலில் வந்து உட்கார்ந்து, தழும்பை மட்டும் ஒருதரம் காட்டும்படி கேட்டார்கள். போர்டு கூட்டத்தில் அவருடைய எதிரி தங்கமுத்து எழுந்து, "பிரசிடெண்ட் அவர்களின் முயற்சி பலிக்க வேண்டுமென்று இந்தப் போர்டு ஆண்டவனைப் பிரார்த்திக்கிறது" என்று தீர்மானம் கொண்டுவந்தான். ஏகமனதாக நிறைவேறியது. தலைமை வகித்தவர் செங்கோடன்தான். மணி அடித்து அவரே அறிவிக்கும்படி ஆயிற்று.

தை பிறந்தது. குமாரசாமிக்குக் கடிதம் எழுதினார், பலன் தெரியட்டும் என்று பதில் வந்தது. பலன் தெரிய வேண்டுமானால் வீட்டில் மனைவி என்று ஒருத்தி இருந்தாக வேண்டும். ஆகவே அத்தாயியின் பெட்டியை, தற்காலிகமாகத்தான், பிரிக்கச் சொன்னார். "சரிங்க" என்று அவளும் பிரித்தாள்.

சித்திரையில் அவள் சோற்றைக் கண்டால் குமட்டிக்கொண்டு ஓடினாள். மருத்துவச்சி மயிலம்மாள் நாடி பார்த்துவிட்டு, முழுகாமல் இருக்கிறாள் என்று சொல்லிச் சர்க்கரை கேட்டாள். செங்கோடன் தலைப்பாகைக்கு இன்னொரு சுற்றுத் துணி சேர்த்தார். டாக்டரை மறந்தார், கீறலை மறந்தார். தம் வம்சத்துக்கே உள்ள வீரியம் என்று கடையில் உட்கார்ந்து பேசினார். பச்சமுத்து மட்டும் அங்கே நின்றிருந்தான். அவன் இருமினான்.

மூன்றாவது கல்யாணம் நின்றுவிடும் என்று ஊர் நினைத்தது. ஊருக்குச் செங்கோடனைத் தெரியாது. நிபந்தனைதான் தீர்ந்துவிட்டதே, பத்து ஏக்கரை ஆற்றோடு விடுவதா? புறப்படும்போது அத்தாயியைக் கூப்பிட்டார்.

"புள்ள பொறக்கப் போவுது. நீ உங்கப்பன் ஊட்டுக்குப் போக வேண்டாம். புதுசா வாரவளுக்கு எடஞ்சலில்லாம ஒரு ஓரமா இருந்துக்கோ."

"சரிங்க" என்றாள் அத்தாயி. வெற்றிலைப் பெட்டியையும் எடுத்துக் கொடுத்தாள்.

பள்ளிபாளையத்தில் குமாரசாமி வீட்டில் இல்லை. ஈரோட்டுக்குப் போயிருந்தார். அவர் மனைவி சுப்பம்மாள் பாய் விரித்து நீர்மோர் கொடுத்தாள். செங்கோடன் பழத்தட்டை நடுவில் வைத்தார், கனைத்தார். தாம் டாக்டரிடம் காட்டி வந்ததையும், அதன் பலன் வீட்டில் மூன்று மாதமாக வளர்வதையும், இனி இந்தக் குடும்பத்துக்குத் தம்மை மருமகனாக அடைவதில் தயக்கம் வேண்டியதில்லை என்பதையும் போர்டில் பேசுவது போலப் பேசி முடித்தார்.

"வைகாசியிலயே முகூர்த்தம் வெச்சுக்கலாமுங்க. பொண்ணை ஒருக்காக் கூப்புடுங்க, பாத்துப்போட்டே போயர்றேன்."

சுப்பம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். பிறகு சொன்னாள்:

"பொண்ணுக்கு நாங்க எங்கீங்க போறது, எங்களுக்கு நாலும் பசங்கதானுங்களே, 'டாக்டரைப் பாருங்கன்னு நாஞ்சொன்னா அடிதான் உழுகும், நெலத்தோட ஒரு பொண்ணு இருக்குதுன்னு நீங்க சொல்லுங்க, ஓடிப் போய்ப் பாப்பாரு'ன்னு உங்க ஊட்டு அம்முணிதானுங்க, கல்லைச் சுத்த வந்தப்ப, மலைமேல எங்க ஊட்டுக்காரர் காலைப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு."