பணியாரச் சட்டியில் வார்த்த ஈயக்குண்டு

செம்பாக்கம்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது.

அன்பும் பண்பும் மீன் வாசமும் நிறைந்த மச்சான் டெனிஸ் அவர்களுக்கு, உன் அக்காள் புருஷன் சவுரிமுத்து எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். அதுபோல மெல்பர்னில் நீயும் உன் மகன் ஃபிரெடியும் மருமகளும் முழங்கால் உட்பட சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போன் செய்தால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். நான் மீன் என்று வாயைத் திறந்தால் ஃபிரெடி குறுக்கே வந்து, "மாமா, அப்பாவுக்கு ஆசை காட்டாதீங்க, டாக்டர் வெயில்ல போகக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்கிறான். அதனால்தான் பக்கத்து வீட்டுக் கஸ்தூரிரங்கன் சாருடைய பேத்தி சின்மயி உங்கள் ஊருக்கு மேல்படிப்புக்கு வருகிறாள் என்றதும், அவள் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவையும் கொடுத்திருக்கிறேன். டப்பாவில் தூண்டிலில் கட்டுகிற ஏழு ஈயக்குண்டு இருக்கும். எண்ணிப் பார்த்துக்கொள்.

போன மாதம் பேசும்போது, அங்கே கடையில் விற்கிற குண்டு ஆற்றுத் தண்ணீரில் நிற்கவே மாட்டேன் என்கிறது, "நம்ம குண்டு மாதிரி வராது மச்சான்" என்று சொல்லி ஒரு பெருமூச்சு விட்டாயே, அது என் காதிலேயே இருந்தது. எப்படி வரும்? நாம் செய்ததற்குப் பெயர் குண்டா, அராஜகம். செத்துப்போன பஸ் பேட்டரியைச் சுத்தியலால் உடைப்போம். ஆசிட் பட்டு லுங்கியெல்லாம் சல்லடையாகும். பால் பவுடர் டப்பாவில் ஈயத்தைக் காய்ச்சி, ஏரிக்கரை மண்ணில் விரலால் குழி குத்தி ஊற்றுவோம். சின்னக் குண்டைத் தூண்டில் நரம்பில் வைத்துப் பல்லால் கடித்து மூடுவோம். அதே கையோடு பஜ்ஜி தின்போம். அப்புறம் உன் டிவிஎஸ் ஃபிஃப்டியில் இரண்டு பேரும் தூண்டிலைக் கொடிக்கம்பம் மாதிரி தூக்கிக்கொண்டு முட்டுக்காடு வரை போவோம். திரும்பும்போது பையில் நாலு கெளுத்தி இருந்தால் பெரிய பாக்கியம். ஆனாலும் மச்சான், அந்த மாதிரி சந்தோஷம் எனக்கு வேலை கிடைத்த அன்றைக்குக்கூட வரவில்லை.

சரி, ஒரு நாள் வேலைதானே, செய்து அனுப்பிவிடலாம் என்று வீட்டில் வாயைத் திறந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. என் மகள் எழில் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசர் என்பது உனக்குத் தெரியும். வீட்டில் சிலிண்டர் மாற்றினாலே பக்கத்தில் நின்று பார்க்கிறவள். "ஈயத்தைக் காய்ச்சப் போறியா டாடி? அந்தப் புகை உள்ள போனா என்னாகும் தெரியுமா? சரி, டெனிஸ் மாமாவுக்குப் புருவம் எப்படிப் போச்சு, அத மொதல்ல சொல்லு" என்றாள். நான் யோசிக்காமல், "அது ஈர மண்ணுல ஊத்தினோம், தெறிச்சிடுச்சு" என்று சொல்லித் தொலைத்தேன். சமையலறையில் கரண்டி விழுகிற சத்தம் கேட்டது. உன் அக்காள் ஏஞ்சல் இத்தனை வருஷமாக அது தீபாவளிப் பட்டாசு என்றல்லவா நம்பிக்கொண்டிருந்தாள்! "அந்தப் புருவத்துக்கு நான் வேளாங்கண்ணிக்கு நடந்தே போனேன்டா பாவிங்களா" என்று ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. உன் பங்கைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள்.

கடைசியில் எழில் ஒத்துக்கொண்டாள், அவள் சொல்கிறபடி செய்தால் என்று. பேட்டரி பக்கமே போகக் கூடாது. அதனால் தாம்பரத்தில் டயர் கடை வைத்திருக்கும் நம் பொன்னுரங்கத்திடம் கார் சக்கரத்தில் பேலன்ஸுக்காக அடிக்கிற பழைய ஈயத் துண்டுகளை வாங்கினேன். அச்சுக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது என் மூளை வேலை செய்தது. படப்பை சந்தையில் ஏழு குழி உள்ள இரும்புப் பணியாரச் சட்டி ஒன்று வாங்கி வந்தேன். அதை மேஜை மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் உன் அக்காள் அதைத் தேய்த்துக் கழுவி எண்ணெய் தடவி அடுப்பில் ஏற்றிவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "கல்யாணமாகி இத்தினி வருசத்துல மொத மொதலா எனக்குன்னு ஒரு பொருள் வாங்கியாந்துகீறே" என்று கண் கலங்குகிறாள். அந்த நேரத்தில் அது ஈயம் ஊற்ற என்று சொல்ல நான் என்ன ரத்தசாட்சியா? வெல்லப் பணியாரம் பதினாலு தின்றேன். மறுநாள் மறுபடி படப்பைக்குப் போய் இன்னொரு சட்டி வாங்கி, அதைச் செருப்பு ரேக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். எழில் கண்டுபிடித்து அதன் பிடியில் சிவப்பு பெயின்ட் அடித்து, 'சமையலுக்கு அல்ல' என்று எழுதினாள். இது இனிமேல் சமையலறை வாசற்படி தாண்டக் கூடாதாம். தாண்டினால் என்னையும் சேர்த்து வெளியே அனுப்புவாளாம்.

வேலை செய்த சனிக்கிழமை காலையை நீ பார்த்திருக்க வேண்டும். கொல்லைப்புறத்தில், காற்று நம் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி கரி அடுப்பு போட்டாயிற்று. எனக்கு முழுக்கைச் சட்டை, ஷூ, தோல் கையுறை, கண்ணாடி, பன்றி மூஞ்சி மாதிரி இரண்டு வடிகட்டி வைத்த முகமூடி. அந்தக் கோலத்தில் கரி எடுக்கத் தெருப்பக்கம் வந்தேன். எதிர் வீட்டுக் கங்கம்மா கோலப்பொடிக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு, "இன்னாண்ணா, மறுபடியும் கொரோனாவா? எங்களாண்ட ஒரு வார்த்த சொல்லவே இல்லியே!" என்று அலறினாள். முகமூடிக்குள்ளிருந்து நான் சொன்ன பதில் அவளுக்கு இருமல் மாதிரி கேட்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தெருவில் பாதிப் பேர் மாஸ்க்கோடு நடமாடினார்கள். மருந்துக்கடைக்காரர் இப்போது என்னைப் பார்த்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார்.

கஸ்தூரிரங்கன் சாருக்குத் தீயணைப்புப் பொறுப்பு. எழில் அவர் கையில் காய்ந்த மணல் வாளியைக் கொடுத்து, "அங்கிள், என்ன நடந்தாலும் தண்ணி ஊத்தக் கூடாது, மணல்தான்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆடிட்டராக இருந்த மனுஷர், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். ஈயம் உருகி, மேலே கசடு திரண்டு, அடியில் கண்ணாடி மாதிரி பளபளவென்று வந்துவிட்டது. நான் கரண்டியை எடுக்கிறேன். அந்த நேரம் பார்த்து உள்ளே உன் அக்காளின் குக்கர் ஒரு விசில் அடித்தது. "ஐயோ, வெடிச்சுடுத்து!" என்று கத்திக்கொண்டு சார் வாளி மணல் முழுவதையும் அடுப்பின் மேல் கொட்டிவிட்டார். அடுப்பும் அவிந்தது, ஈயமும் அடங்கியது, எழில் மட்டும் கைதட்டி, "சூப்பர் ரெஸ்பான்ஸ் அங்கிள்!" என்றாள். குக்கருக்கு இனி வேலை முடியும் வரை தடை என்று புதிதாக ஒரு சட்டம் வந்தது. அன்று மதியம் எங்களுக்குப் பழைய சோறு.

இரண்டாவது தடவை எல்லாம் ஒழுங்காக நடந்தது. சட்டியையும் கரண்டியையும் ஈரம் போக முதலில் நெருப்பில் நன்றாகச் சூடாக்கி, குழிக்கொரு கம்பி வளையம் நிறுத்தி, மெதுவாக ஊற்றினேன். ஒரு சொட்டு தெறிக்கவில்லை. ஆறும் வரை டீ கிடையாது, பீடி கிடையாது, மூக்கைச் சொறியக்கூட அனுமதி கிடையாது. கசடை டப்பாவில் மூடி பொன்னுரங்கத்திடமே திருப்பிக் கொடுத்தோம். கை, முகம், நகம் எல்லாம் சோப்புப் போட்டு எழில் எதிரிலேயே கழுவினேன். சட்டையைத் தனியாகத் துவைத்தேன். மச்சான், நம் காலத்தில் இதில் பாதி தெரிந்திருந்தால் உனக்கு இரண்டு புருவமும் முழுசாக இருந்திருக்கும். குண்டை நீயும் வெறும் கையால் எடுத்தால் உடனே கழுவு, மறந்தும் பல்லில் வைக்காதே.

சட்டியைக் கவிழ்த்ததும் ஏழும் பொத் பொத்தென்று விழுந்தன. ஒன்றைக் கையுறையோடு எடுத்து உருட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை, எந்த ஓட்டத்திலும் உட்கார்ந்துகொள்ளும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். எழில் பார்த்துவிட்டு, "என்னாச்சு டாடி, புகை அடிச்சிருச்சா?" என்று பதறினாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். உடனே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள், அது வேறு கதை.

ஏரி நன்றாக இருக்கிறது. நம் இடத்துக்குப் பக்கத்தில் இப்போது நடைபாதை போட்டிருக்கிறார்கள். நான் வழக்கம்போல ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் தூண்டிலோடு போய் உட்காருகிறேன். ஜிலேபிக் கெண்டை நன்றாகவே மாட்டுகிறது. பொழுது நன்றாகப் போகிறது. ஆகவே என்னைப் பற்றி நீ ஒன்றும் கவலைப்பட வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு வரலாமா என்று கேட்டிருந்தாய். டிக்கெட் அலைச்சல், உன் உடம்பு, ஃபிரெடியின் வேலை எல்லாம் இருக்கிறது. சிரமப்பட்டு வர வேண்டாம். உடம்புதான் முக்கியம். இந்தக் குண்டைப் போட்டு அங்கேயே நிம்மதியாக மீன் பிடி.

உன் அக்காளும் எழிலும் அன்பைச் சொல்லச் சொன்னார்கள். மருமகளுக்கும் ஃபிரெடிக்கும் எங்கள் ஆசீர். தேவமாதா உன்னையும் உன் மீதிப் புருவத்தையும் காப்பாளாக.

இப்படிக்கு,
உன் மச்சான்,
சவுரிமுத்து

பின்குறிப்பு: இதை மீனம்பாக்கம் ஏர்போர்ட் வாசலில் டிராலி மேல் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். சின்மயியின் பெட்டி எடை கூடிவிட்டதாம். ஈயமா, வடுமாங்காயா, இரண்டில் ஒன்றுதான் போகலாம் என்று ஆகிவிட்டது. அவள் அம்மா வேதா யோசிக்கவே இல்லை. டப்பா இதோ என் கையில் இருக்கிறது. அந்தப் பெண் திரும்ப வாசலுக்கு வந்து, "சாரி தாத்தா, லெட்டர மட்டும் எடுத்துண்டு போறேன்" என்றது. கொஞ்சம் இரும்மா என்று கடிதத்தை வாங்கி இதைச் சேர்க்கிறேன். குண்டு வராது டெனிஸ். ஞாயிறுதோறும் ஏரிக்குப் போகிறேன் என்று எழுதியது பொய். நீ விமானம் ஏறிய நாளிலிருந்து தூண்டில் பரண் மேல்தான் கிடக்கிறது. ஒரே ஒரு தடவை போனேன், பக்கத்தில் யாருமில்லாமல் உட்கார முடியவில்லை, தூண்டிலைப் போடாமலே வந்துவிட்டேன். வர வேண்டாம் என்று எழுதியதை நம்பாதே. பாப்பா நேரமாச்சு என்கிறது. வந்துடுடா மச்சான்.