பெரியமாமா போட்ட ஒற்றை ஸ்டார்

கல்யாணப் பத்திரிகையை போனில் அனுப்பினால் எங்கள் சொந்தக்காரர்கள் வரமாட்டார்கள். வந்தாலும் சாப்பிடமாட்டார்கள். சாப்பிட்டாலும் ரசத்தில் உப்பில்லை என்பார்கள். வெற்றிலை பாக்குத் தட்டோடு வாசலுக்கு வந்து கூப்பிட்டால்தான் அது அழைப்பு. இது எங்கள் ஊர்ப் பக்கம் பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஞாயிறுதோறும் படூரில் இணையதள வகுப்புக்குப் போய், தேடுபொறியின் குடுமியே என் கையில் என்று நம்பிக்கொண்டிருந்த எனக்கு மட்டும் தெரியவில்லை.

என் அக்கா தேவகி, மறைமலைநகரில் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் மீன் சாப்பாட்டுக் கடை போட்டிருந்தாள். அவள் குழம்பு வைத்தால் தெருமுனையில் நிற்பவனுக்குப் பசிக்கும். ஆனால் மெயின் ரோட்டிலிருந்து கடை தெரியாது. வெளியூர்க்காரர்கள் போனில் தேடி, முதலில் வருகிற கடைக்குப் போய்விடுவார்கள். நான் தேடிப் பார்த்தபோது எங்கள் கடை ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. (ஐந்தாம் பக்கம் என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.)

"காணும் பொங்கலுக்கும் கூட்டம் வரலன்னா நான் மறுபடி கம்பெனி பஸ்ல ஏறிடறேன்டா," என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"நான் இருக்கேன்ல," என்றேன். (இதை நான் சொன்ன இடங்களிலெல்லாம் ஏதாவது உடைந்திருக்கிறது.)

முதலில் கடையின் வெப்சைட்டில் கைவைத்தேன். மக்கள் தேடுகிற சொல் பக்கத்தில் ஆங்காங்கே வரவேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நான் கொஞ்சம் ஆர்வமாகிவிட்டேன். 'மாமல்லபுரம் மீன் சாப்பாடு வேண்டுமா? மாமல்லபுரம் மீன் சாப்பாடு என்றால் எங்கள் மாமல்லபுரம் மீன் சாப்பாடுதான்' என்று பக்கம் முழுக்க ஓடியது. அக்கா படித்துவிட்டு, எழுதும்போது காய்ச்சலா என்று கேட்டாள். கடை ஏழாம் பக்கத்துக்குப் போனது.

அடுத்த ஞாயிறு, வாடிக்கையாளர்கள் போடும் ஸ்டார்தான் கடையை மேலே தூக்கும் என்றார்கள். வாடிக்கையாளர்கள்தான் இல்லை, சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே என்று குடும்ப குரூப்பில் லிங்க்கைப் போட்டு, எல்லாரும் ஐந்து ஸ்டார் போடவும் என்று எழுதினேன். ஒரு 'தயவுசெய்து' கூட இல்லை.

முதல் ஸ்டார் படாளத்திலிருந்து வந்தது. அம்மாவின் மூத்த அண்ணன், எங்கள் பெரியமாமா. ஒரே ஒரு ஸ்டார். கீழே எழுதியிருந்தார்: "கடை தொறந்தப்ப எங்க வூட்டுக்கு வந்து வெத்தல பாக்கு வைக்கல. மீன் எப்படி கீதுன்னு எங்களுக்கு இன்னா தெரியும்?"

அதைப் படித்ததும் மற்றவர்களுக்கும் குறைகள் ஞாபகம் வந்துவிட்டன. அத்தை இரண்டு ஸ்டார் போட்டு, தன் பேத்தி காதுகுத்துக்கு தேவகி வராததை எழுதினாள். அக்காவுக்குப் பரிந்துகொண்டு சித்தப்பா ஐந்து ஸ்டார் போட்டு, அத்தை வீட்டுக் கல்யாணத்தில் தன் இலைக்குப் பாயசம் வராததை எழுதினார். ஊர் உலகம் பார்க்கிற இடத்தில். நடுவில் யாரோ ஒரு வெளியூர்க்காரர் பார்க்கிங் வசதி உண்டா என்று கேட்டிருந்தார். அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

வேறு வழியில்லாமல், தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பெரியமாமா தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது.

"இதுதான்டா கூப்புடறது," என்றார். "எப்ப வரணும்?"

ஸ்டாரை மாற்றச் சொல்லத்தான் வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. காணும் பொங்கலுக்கு வாருங்கள் என்று உளறினேன். ஒருவரைக் கூப்பிட்டு ஒருவரை விடமுடியுமா? எல்லார் வீட்டிலும் அதையே சொன்னேன்.

இரண்டு வேனில் வந்தார்கள். தட்டு வைத்துக் கூப்பிட்டவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு யாரும் பில் கேட்பதில்லை என்பது, அவர்கள் வஞ்சிரம் வறுவலில் கைவைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உச்சிவெயிலுக்குள் சட்டி காலி. வெளியூர்க்காரர் ஒருவர்கூட உள்ளே வரவில்லை, வந்தாலும் போட ஒன்றுமில்லை. அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு கம்பெனில பேசறேன்," என்றாள். இந்தமுறை சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கை கழுவிக்கொண்டிருந்த பெரியமாமா திரும்பினார். விஷயத்தை என்னிடமிருந்து பிடுங்கினார். "பேமானி, கடைன்னு சொல்லிக் கூப்புடறதுக்கு இன்னாடா?" என்று என் தலையில் ஒரு தட்டு தட்டி, கரைக்குப் போய் மீன் வாங்கிவரச் சொன்னார். அத்தையும் சித்தப்பாவும் பாயசத்தை மறந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்தார்கள். பெரியமாமா மெயின் ரோட்டுக்குப் போனார். கடற்கரைக்குப் போகிற கூட்டத்தை, கல்யாண மண்டப வாசலில் நிற்பவரைப் போலக் கைகூப்பி, சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று மடக்கி மடக்கி அனுப்பினார். வாசலில் நின்ற இரண்டு வேனைப் பார்த்தவர்கள், பெரிய கடை போலிருக்கிறது என்று தாங்களாகவே உள்ளே வந்தார்கள். இருட்டும்வரை பந்தி ஓயவில்லை. இவர்கள் பில் கேட்டார்கள்.

அக்கா கம்பெனி பஸ்ஸில் ஏறவில்லை. கடை ஏழாம் பக்கத்திலிருந்து ஏறி நான்காம் பக்கத்துக்குத்தான் வந்திருக்கிறது. ஆனால் விடுமுறை நாளென்றால் பெரியமாமா வந்து மெயின் ரோட்டில் நின்றுவிடுவார். அவர் போட்ட ஒற்றை ஸ்டாரும் அப்படியே இருக்கிறது. அதை மாற்ற அவருக்குத் தெரியாது, கேட்க எனக்குத் தைரியம் கிடையாது.

பிறகு எனக்குக் கல்யாணமானது. எல்லார் வீட்டுக்கும் தட்டோடுதான் போனேன். அப்படியும் மேடையேறிய பெரியமாமா, போட்டோக்காரரை நிறுத்திவிட்டு, என் மனைவியிடம் சொன்னார்: "சாப்பாடு அஞ்சு ஸ்டாரு. நீ அஞ்சு ஸ்டாரும்மா. மாப்ள ஒண்ணு. போகப்போகப் பாத்து ஏத்திக்க."

அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நேற்று நான் வைத்த ரசத்துக்கு இரண்டு கிடைத்தது. உப்பில்லையாம்.